கல்லீரல் என்னும் நெல்கிடங்கு: சர்க்கரை நோய் ஏன் வருகிறது, எப்படிப் பின்வாங்குகிறது

மியன்மாரின் யாங்கோனில் ஆணும் பெண்ணும் கைலி கட்டுகிறவர்கள். கடைக்கும் கைலிதான், கோயிலுக்கும் கைலிதான், பலருக்கு அலுவலகத்துக்கும் அதேதான். கால்சட்டை போடுகிறவருக்கு இடுப்பு இரண்டு அங்குலம் கூடினால் பொத்தான் சொல்லிவிடும். கைலி சொல்லாது. முன்மடிப்பு கொஞ்சம் குறுகும், முடிச்சு கொஞ்சம் கீழே இறங்கும், நாள் ஓடும். எனக்குப் பத்து வருடம் அப்படித்தான் ஓடியது. 46 வயதில் தமிழ்நாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக பேன்ட் தைக்கக் கொடுத்தேன். தையற்காரர் டேப்பைச் சுற்றிவிட்டு "முப்பத்தெட்டரை" என்றார். அதே மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 8.1 என்று வந்தது.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று காட்டும் சராசரிக் கணக்கு. 5.7-க்குக் கீழே இருந்தால் சரி. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய். எனக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த இடத்தில் சொன்னது இரண்டே வாக்கியம்: "இனிப்பைக் குறையுங்கள். இது ஆயுசு முழுக்க இருக்கும்." நான் லட்டு ஜிலேபி தின்கிற ஆளே இல்லை. பின் ஏன் வந்தது? யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்கியிருப்பேன். 2014-இல் மியன்மார் முழுக்க எடுத்த கணக்கில் 25 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் 10.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பத்துப் பேரில் ஒருவர். நம் வீடுகளில் அந்த ஒருவர் இல்லாத வீடு எனக்குத் தெரிந்து குறைவு. அதனால்தான் அடிப்படையிலிருந்து விளக்க நினைக்கிறேன்.

இங்கே நான் பேசுவது இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பற்றி மட்டும். பெரும்பாலும் சிறு வயதிலேயே வந்து, இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர் வாழ முடியாத முதல் வகைக்கு இந்தக் கதை பொருந்தாது. அவர்கள் ஊசியை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

ஒரு தட்டுச் சோறு உள்ளே போனால்

நம் உடம்பில் ஓடும் மொத்த ரத்தத்திலும் ஒரு நேரத்தில் கரைந்திருக்கும் சர்க்கரை சுமார் 5 கிராம். ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். இப்போது மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். 150 கிராம் அரிசி வடித்த சோறு நமக்குப் பெரிய சாப்பாடு இல்லை, இரண்டாம் தரம் போட்டுக்கொள்கிற எவருக்கும் அது சாதாரணம். அந்தச் சோறு செரித்தால் ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ், அதாவது 24 தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி மட்டுமே இருக்க வேண்டிய இடத்துக்கு 24 தேக்கரண்டி வந்து சேர்கிறது. உடம்பு அதை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எங்கேயாவது எடுத்து வைத்தாக வேண்டும். சோறு இனிக்காது என்பதால் நாம் அதை இனிப்பாகவே நினைப்பதில்லை. நான் செய்த முதல் தப்பு அதுதான்.

எடுத்து வைக்கச் சொல்லும் ஆணைதான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையத்திலிருந்து அது புறப்படுகிறது. எடுத்து வைக்கும் இடங்கள் இரண்டு. தசைகளில் சுமார் 400 கிராம் வரைக்கும் இடம் உண்டு, கல்லீரலில் சுமார் 100 கிராமுக்கு. மூட்டை தூக்குகிறவர், வயலில் நிற்கிறவர், நாள் முழுக்க நடக்கிறவர், இவர்களுக்குத் தசைக் கிடங்கு தினமும் காலியாகிக்கொண்டே இருக்கும். எங்கள் தாத்தா பசுந்தாங் கால்வாய்க் கரை அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவர். அவர் உண்ட சோற்றுக் குவியலைப் பற்றி வீட்டில் இன்றும் பேசுவார்கள். அத்தனையும் தோளும் தொடையும் எரித்தன. நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அதே குவியலைச் சாப்பிட்டேன்.

தசையும் நிறைந்து, கல்லீரலில் சர்க்கரைக்கான இடமும் நிறைந்துவிட்டால்? மீதியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. இதைப் புரிந்துகொள்ள அந்த ஆலையின் நெல்கிடங்கையே நினைத்துக்கொள்ளுங்கள். படகில் நெல் வந்து இறங்குகிறது. அரைத்து அனுப்பியது போக மிச்சம் கிடங்கில் அடுக்கப்படுகிறது. வருகிற அளவுக்குப் போய்க்கொண்டிருந்தால் தொல்லை இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் போவதை விட வருவது கொஞ்சம் அதிகம் என்றால் ஒரு நாள் கிடங்கு கூரைவரை நிறையும். அப்புறம் மூட்டைகளைத் தாழ்வாரத்தில் அடுக்குவார்கள். தாழ்வாரமும் நிறைந்தால் கணக்குப்பிள்ளையின் அறைக்குள் கொண்டுபோய்ப் போடுவார்கள். அவருக்கு உட்கார இடம் இருக்காது, பேரேட்டை விரிக்க முடியாது. வருவதற்கும் போவதற்கும் கணக்கே இல்லாமல் போகும்.

கல்லீரல்தான் கிடங்கு. கணையம் கணக்குப்பிள்ளையின் அறை. நிறைந்துபோன கல்லீரல் தன் கொழுப்பை ரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது. பரிசோதனைச் சீட்டில் ட்ரைகிளிசரைடு என்று ஏறிக்கிடக்குமே, அது இந்தச் சரக்குதான். அதில் ஒரு பங்கு கணையத்துக்குள் போய்த் தங்குகிறது. இன்சுலின் சுரக்கும் செல்கள் அந்தக் கொழுப்பின் நடுவே சோர்ந்துபோய்த் தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன.

இன்னொரு பக்கம், கொழுப்பு அடைந்த கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. இரவில் நாம் உண்ணாதபோது மூளைக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. "போதும், நிறுத்து" என்று இன்சுலின் சொன்னால் நிறுத்த வேண்டும். நிறைந்த கல்லீரல் நிறுத்தாது, விட்டுக்கொண்டே இருக்கும். "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலை, காலையில எப்படி 160 வருது?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அந்தச் சர்க்கரை நேற்று இரவுச் சாப்பாட்டிலிருந்து வரவில்லை. வருடக்கணக்கில் நிறைந்த கிடங்கிலிருந்து வருகிறது. இதற்குத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர்.

கிடங்கைக் காலி செய்தால் என்ன ஆகும்?

இதைச் சோதித்துப் பார்த்தவர் இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ராய் டெய்லர். உடல் எடைக்காக இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறைவதற்கு முன்னாலேயே, சில நாட்களில், சர்க்கரை அளவு சரியாகிவிடுவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். அறுவைச் சிகிச்சையா அதற்குக் காரணம், இல்லை திடீரென்று சாப்பாடு குறைந்ததா? டெய்லர் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 11 பேர் எட்டு வாரம் நாளுக்குச் சுமார் 600 கலோரி மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரே வாரத்தில் சரியான அளவுக்கு வந்தது. கல்லீரல் கொழுப்பு வேகமாக இறங்கியது. எட்டு வாரத்தில் கணையத்தின் கொழுப்பும் குறைந்து இன்சுலின் மறுபடி ஒழுங்காகச் சுரந்தது. கணக்குப்பிள்ளை சாகவில்லை, மூட்டைக்கு அடியில் இருந்தார் என்பது அப்போதுதான் தெளிவானது.

அடுத்து 306 பேரோடு ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் நடந்த டைரெக்ட் ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு மாத்திரைகளை நிறுத்திவிட்டு மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்குச் சுமார் 850 கலோரி உள்ள திரவ உணவு கொடுத்து, பிறகு மெல்ல மெல்லச் சாதாரணச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வருட முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது 4 சதவீதம். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களை மட்டும் பார்த்தால் 86 சதவீதம்.

இதை "குணமாகிவிட்டது" என்று சொல்வதில்லை. நோய் பின்வாங்கியது என்றுதான் சொல்கிறார்கள். மருந்தை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழித்தும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் பின்வாங்கியதாகக் கணக்கு. வார்த்தையில் இவ்வளவு கவனம் ஏன் என்றால், கிடங்கு மறுபடி நிறைந்தால் நோயும் மறுபடி வரும். டைரெக்ட் ஆய்விலேயே இரண்டாம் வருடம் 46 சதவீதம் 36 ஆக இறங்கியது. எடை திரும்பியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது. நோய் வந்து நெடுங்காலம் ஆனவர்களுக்கும் ஏற்கனவே இன்சுலின் போடுகிறவர்களுக்கும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் எடை குறைவதால் ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு, ட்ரைகிளிசரைடு எல்லாம் இறங்கும், மாத்திரையின் அளவும் குறையலாம். அதுவே எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஒல்லியானவருக்கு ஏன் வருகிறது

இந்த இடத்தில் எப்போதும் ஒரு கேள்வி வரும். எங்கள் சித்தப்பா 58 கிலோதான் இருப்பார். அவருக்கு எந்தக் கிடங்கு நிறைந்தது?

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. பார்வைக்கும் இருவரும் ஒல்லி. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். நம் பகுதி மக்களின் உடல்வாகு இதுதான்: தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள். தோலுக்கு அடியில் கொழுப்பைப் பத்திரமாக வைக்கும் இடம் நமக்குச் சிறியது. ஆகவே மற்றவர்களுக்கு 100 கிலோவில் நிறையும் கிடங்கு நம்மில் சிலருக்கு 60 கிலோவிலேயே நிறைந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் நோய் வரும். அந்த வரம்பு எடை மெஷினில் எழுதியிருக்காது.

டெய்லர் குழு அதிக எடை இல்லாத 20 சர்க்கரை நோயாளிகளிடமும் இதைச் செய்து பார்த்தது. எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தபோது 14 பேருக்கு நோய் பின்வாங்கியது. சின்ன ஆய்வுதான். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு மிக முக்கியமான ஆய்வு.

அதனால் எடையைவிட இடுப்பைப் பாருங்கள். ஆசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் எச்சரிக்கை. இதைவிட எளிய வழி, உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்பது. ஒரு கயிற்றை உங்கள் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றிப் பாருங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். முனைகள் சேரவில்லை என்றால் ரத்தத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.

தட்டை மாற்றுவதற்கு முன்னால்

இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கிளிபென்கிளமைடு, கிளிக்ளாசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் நீங்கள் உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றைப் பாதியாகக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான், எடை குறையும்போது அழுத்தம் தானாக இறங்கித் தலைசுற்றும். எனவே முதலில் மருத்துவரிடம் போய் "நான் சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன், மருந்தை எப்படி மாற்றலாம்?" என்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்துவது அவர் முடிவு, உங்கள் முடிவு ஆகாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயது முதிர்ந்து மெலிந்தவர்கள் தாங்களாக எதையும் தொடங்க வேண்டாம். ஆய்வில் கொடுத்த 850 கலோரி உணவையும் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் முயல வேண்டாம். நான் அதைச் செய்யவில்லை. மெதுவான வழியில் போனேன்.

நம் சமையலறையில்

என் வீட்டில் முதலில் மாறியது எண்ணெய். பர்மியச் சமையலில் சீபியான் என்று ஒரு பக்குவம் உண்டு. சீ என்றால் எண்ணெய், பியான் என்றால் திரும்பி வருவது. வெங்காயமும் இறைச்சியும் வெந்து, தண்ணீர் வற்றி, எண்ணெய் பிரிந்து மேலே வந்து நிற்கும் வரை கொதிக்கவிட வேண்டும். நம் வீடுகளிலும் இரண்டு மூன்று தலைமுறையாக அந்தக் கைப்பழக்கம் வந்துவிட்டது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மேலே நின்ற எண்ணெய் குழம்பு கெடாமல் காத்தது, அதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் எண்ணெயை வீசைக் கணக்கில்தான் வாங்குகிறோம், ஒரு வீசை சுமார் 1.63 கிலோ. நாலு பேர் உள்ள என் வீட்டில் வாரம் ஒரு வீசை செலவானது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. அப்படியானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 525 கலோரி எண்ணெயிலிருந்து மட்டுமே வந்திருக்கிறது. ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு!

மனைவி அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போத்தலைச் சாய்த்து ஊற்றுவதை விட்டுக் கரண்டியால் அளந்து ஊற்ற ஆரம்பித்தாள். ஒரு வீசை இரண்டு வாரம் வந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 260 கலோரி மிச்சம். உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி ஆகும், ஆக இந்த ஒரு மாற்றமே காகிதக் கணக்கில் மாதம் ஒரு கிலோ. உடம்பு காகிதம்போல நடக்காது, எடை குறையக் குறைய அதுவும் செலவைச் சுருக்கிக்கொள்ளும். இருந்தாலும் இவ்வளவு சுலபமாக வேறெதிலும் குறைந்ததில்லை.

அப்புறம் தேநீர். டீக்கடையில் உட்காராமல் யாங்கோனில் ஒரு நட்பும் வியாபாரமும் நடக்காது. நான் ச்சோசெய்ன் குடிக்கிறவன். இனிப்பும் பாலும் தூக்கலாக, அடியில் கட்டிப்பால் நிற்கும். கட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். ஒரு கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று வைத்தாலும் 130 கலோரி. நாளுக்கு நாலு கோப்பை குடித்தால் 520. பொஜா என்று கேட்டால் இனிப்பைக் குறைத்துத் திடமாகப் போடுவார்கள். முதலில் அதற்கு மாறினேன். நாக்கு பழகியதும் மேசையில் சும்மா வைத்திருக்கும் பச்சைத் தேநீருக்கு மாறினேன். அது காசில்லாமல் கிடைப்பது, எத்தனை கோப்பை வேண்டுமானாலும் குடிக்கலாம். டீயோடு தொட்டுத் தின்னும் இ ஜா குவேயையும் விட்டேன். அது மைதா, எண்ணெயில் பொரித்தது, வேறு சொல்ல வேண்டியதில்லை.

சோற்றை நான் விடவில்லை. பொசான்ம்வே அரிசியின் வாசனையை விட்டுவிட்டு இந்த ஊரில் வாழ முடியாது, விட வேண்டிய அவசியமும் இல்லை. குறைக்க வேண்டியது குவியலை. முன்பு தட்டில் சோறு முக்கால், மற்றதெல்லாம் கால். இப்போது சோறு கால் தட்டு, பருப்போ மீனோ முட்டையோ கால் தட்டு, மீதிப் பாதி கீரையும் காயும். "சோத்தைக் குறைச்சா உடம்பு தாங்குமாப்பா?" என்று அம்மா கலங்கினார். வயிறு காலியாக இருந்தால் தாங்காதுதான். அந்த இடத்தைக் கீரையும் பருப்பும் நிரப்ப வேண்டும். அவை மெதுவாகச் செரிக்கும், பசியை நெடுநேரம் நிறுத்தும். சாப்பிடும்போது காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஏறும் வேகம் இன்னும் குறையும்.

இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். இந்தியாவுக்கு உளுந்தும் துவரையும் அனுப்பும் நாடு இது. சந்தையில் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை என்று எதற்கும் பஞ்சமில்லை. புளிச்சகீரையைச் சின்பாவ்ன் என்றும் வள்ளைக்கீரையைக் கஜூன் என்றும் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். காலையில் தெருவில் கூவி வரும் பெ ப்யோவை, அந்த அவித்த பட்டாணியை, வெங்காயம் பிசைந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டால் மதியம் வரை பசி எட்டிப்பார்க்காது. இட்லி மாவிலும் நாலுக்கு ஒன்று என்று போட்ட உளுந்தை இரண்டுக்கு ஒன்று ஆக்கினோம். கொஞ்சம் கனமாகத்தான் வரும், நாலு இட்லி சாப்பிட்ட இடத்தில் இரண்டு போதும் என்றாகிவிடும். பர்மியர்களின் தோ வகைகள் இன்னொரு வரம்: காய்களை நறுக்கி, வறுத்த கடலைமாவு தூவி, எலுமிச்சை பிழிந்து கையால் பிசைவது. எண்ணெயை மட்டும் ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்திக்கொண்டால் அதுவே ஒரு வேளைக்குப் போதும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் ஙப்பி என்னும் உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுதையும் மீன்சாற்றையும் குறைக்க வேண்டும். நாளுக்கு உப்பு மொத்தம் 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

நோயாளிக்குத் தனிச் சமையல் வேண்டவே வேண்டாம். ஒருவர் தட்டில் மட்டும் கீரையும் மற்றவர் தட்டில் பொரித்த கோழியும் இருந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். எனவே இது எல்லோருக்குமான சாப்பாடு என்று ஆக்கிவிடுங்கள். வீட்டைவிடக் கஷ்டம் விருந்து வீடுகளில்தான். பர்மியர்கள் பார்த்ததும் "தமின் ஸா பீ பீலா?" என்பார்கள், நாம் "சாப்பிட்டாச்சா?" என்பதேதான். இரண்டு மொழியிலும் அன்பைச் சோற்றால்தான் காட்டுகிறோம். அந்த அன்பை மறுக்க எனக்கு மனம் வராது. போய் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்னால் நானே காய்கறியை நிறைய எடுத்துப் போட்டுக்கொள்வேன். தட்டில் காலி இடம் இல்லாவிட்டால் யாரும் வற்புறுத்துவதில்லை.

நடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடையால் மட்டும் எடை அதிகம் குறையாது. ஆனால் வேலை செய்யும் தசை இன்சுலின் ஆணைக்குக் காத்திராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் மீட்டரிலேயே வித்தியாசம் தெரியும். விடுமுறை நாளில் கண்டோஜி ஏரிக்கரை, மற்ற நாளில் எங்கள் தெரு. குறைந்த எடை திரும்பாமல் இருக்கவும், எடையோடு சேர்ந்து தசையும் கரைந்துவிடாமல் இருக்கவும் நடையும் சிறிது பளு தூக்குவதும் வேண்டும்.

எனக்கு ஏழு மாதம் ஆனது. 78 கிலோ 67 ஆனது. மூன்றாவது மாதம் மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைத்தார், ஏழாவது மாதம் இரண்டாவதையும் நிறுத்திப் பார்ப்போம் என்றார். அதற்கு மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 5.9. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பெரியம்மாவுக்கு நோய் வந்து இருபது வருடம். அவரும் ஐந்து கிலோ குறைத்தார், அவருக்கு மாத்திரை நிற்கவில்லை. ஆனால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றிருக்கிறது, காலையில் சர்க்கரை 200-க்கு மேல் போவதில்லை. தன் கையால் உளுந்து கூட்டிப் போட்ட இட்லியைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்.

பின்வாங்கிய பிறகும் வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்தம், கண், கால், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். டைரெக்ட் ஆய்வில் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருந்தார்கள்: எடை இரண்டு கிலோவுக்கு மேல் திரும்பினால் உடனே சில வாரங்களுக்குப் பழைய கட்டுப்பாட்டுக்குப் போய்விட வேண்டும், பத்து கிலோ ஏறும் வரை காத்திருக்கக் கூடாது. நாங்கள் அதை வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டோம். சமையலறை ஆணியில் தையற்காரரின் டேப் ஒன்று தொங்குகிறது. மாதத்தின் முதல் நாள் காலை, காபிக்கு முன்னால், வீட்டில் எல்லோரும் இடுப்பை அளந்து காலண்டரில் எழுதுகிறோம். போன தீபாவளிக்குப் பிறகு என் எண் 34-இலிருந்து 35 ஆனது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதியம் என் சோற்றுக் கிண்ணம் சின்னதாகியிருந்தது, பக்கத்தில் புளிச்சகீரை ஒரு பெரிய கிண்ணம் நிறைய இருந்தது.